மரத்தின் மேல் இருப்பவனுக்கு எஜமான் யார்?

“மரம் கழிக்க ஆள் இருக்கிறானா?” என்று கேட்காத வீடு கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் உண்டா? ஐப்பசி பிறப்பதற்கு முன்பே இந்தக் கேள்வி கிளம்பிவிடும். வேம்பு கூரைமேல் சாய்ந்திருக்கிறது. பூவரசு மின்கம்பியில் உரசுகிறது. தென்னை பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் காயைப் போடுகிறது. ஆள் வருகிறான். இடுப்பிலே அரிவாள், தோளிலே கயிறு. மரத்தை அண்ணாந்து பார்க்கிறான். “ஐயாயிரம் ஆகுமுங்க” என்கிறான். “மூவாயிரத்துக்கு முடி” என்கிறோம். மூவாயிரத்து ஐந்நூறில் பேச்சு நிற்கிறது. காலிலே செருப்பில்லை, தலைக்குக் காவல் ஒரு துண்டு. ஏறுகிறான்.

இவ்வளவு பேச்சில் ஒரு பேச்சு மட்டும் வரவில்லை. அவன் விழுந்தால் யார் பொறுப்பு?

கேட்டுப் பாருங்கள், பதில் தயாராக இருக்கும். “மொத்தமாகக் காண்ட்ராக்ட் பேசிவிட்டோமே! அவன் பாடு, அவன் மரத்தின் பாடு.” காரில் போகிறவரும் இதைத்தான் சொல்கிறார், சைக்கிளில் போகிறவரும் இதைத்தான் சொல்கிறார். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மரத்தை இறக்கும் வேலையை மட்டுமா வாங்குகிறோம்? அவன் முதுகெலும்பின் மேலுள்ள பொறுப்பையும் கைகழுவிவிடும் உரிமையைச் சேர்த்து வாங்குகிறோம். அதற்குத் தனியாக ஒரு காசு கொடுப்பதில்லை.

2025 ஆனி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கொள்ளிடக் கரைப் பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளி. வயது 40. நடவு, அறுப்பு இல்லாத நாட்களில் மரம் கழிப்பார். இந்த வட்டாரத்தில் முக்கால்வாசி மரமேறிகள் இப்படிப்பட்டவர்கள்தான். அறுவடைக்கு மிஷின் வந்த பிறகு வயலில் கிடைக்கும் வேலை நாட்கள் சுருங்கிவிட்டன. மரத்தின் மேலேயாவது கூலி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். டவுனில் ஒரு வீட்டில் வேம்பு சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றது. இறக்கித் தரச் சொன்னார்கள். கீழே கயிறு பிடிக்க அவருடைய மச்சினன் ஒருவன்தான். இரண்டாவது கிளை அறுந்தபோது பிளந்து திரும்பி அடித்தது. பதினைந்து அடி உயரத்திலிருந்து சுற்றுச்சுவர்மேல் விழுந்தார். இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்வில்லை.

வீட்டுக்காரர் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார். பிறகு, “இனி எனக்கும் இவருக்கும் எந்தப் பாத்தியதையும் இல்லை” என்று எழுதின ஒரு காகிதத்தில் அந்த அம்மாளிடம் கைநாட்டு வாங்கினார்.

அந்த வீட்டுக்காரர் யார்? மிராசுதாரா? வட்டிக் கடைக்காரரா? அப்படியிருந்தால் இந்தக் கட்டுரை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நம்முடைய ஆள். ஆலையில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்துச் சந்தாவை ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. மிஷினில் இடது கை விரல் இரண்டு போனபோது, இ.எஸ்.ஐ.யில் ஊனத்துக்குரிய உதவித்தொகை வாங்க அலையாய் அலைந்து வெற்றி பெற்றவர். அதற்கு மனு எழுதிக் கொடுத்ததே நான்தான்.

“காண்ட்ராக்ட் பேசியாச்சு தோழர், நான் என்ன செய்ய முடியும்?” என்கிறார் என்னிடம்!

ஆலைத் தொழிலாளித் தோழர்களே, இந்த வார்த்தையை எங்கேயோ கேட்ட ஞாபகம் வரவில்லையா? ஆலை வாசலில் நின்று நிர்வாகம் சொல்லும் வார்த்தையல்லவா இது? “அவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல, காண்ட்ராக்டர் ஆட்கள்.” எத்தனை கேட் மீட்டிங்கில் இந்த வார்த்தையைக் கிழித்தெறிந்து பேசியிருக்கிறோம்! நம் வீட்டு வேப்பமரத்தடியில் வந்தவுடன் அதே வார்த்தை நம் வாயிலும் இனிக்கிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1923-ல், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. எந்தெந்த வேலைக்காரருக்கு அது பொருந்தும் என்று அதன் பின்னால் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் பனையேறுவதும் இருக்கிறது, மரம் வெட்டுவதும் இருக்கிறது. ஆபத்தான வேலை எதுவென்று வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதிலே ஒரு ஓட்டை வைத்திருந்தார்கள். எப்போதாவது ஒரு நாள் கூப்பிடப்படுகிற ஆள், எஜமானுடைய தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு வந்தவனாக இருந்தால், அவன் தொழிலாளியே அல்ல என்றார்கள். வீட்டு மரம் வெட்ட வந்தவன் அந்த ஓட்டை வழியாக வெளியே விழுந்தான். 2000-ஆம் வருஷத் திருத்தத்தில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. எழுபத்தேழு வருஷம் பிடித்தது அதை அடைக்க! அடைத்த செய்தி நம் ஊர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது கணக்குப் போடுவோம். நாளுக்கு 600 ரூபாய், மாதம் 25 நாள் வேலை என்றால் சம்பளம் 15,000 ரூபாய். 2020 ஜனவரி முதல் அந்தச் சட்டத்தில் கணக்குக்கு எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பும் அதுதான். நாற்பது வயதுக்காரருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெருக்கல் எண் 184.17. ஆள் இறந்துபோனால் சம்பளத்தில் பாதியை இந்த எண்ணால் பெருக்க வேண்டும். 13,81,275 ரூபாய் வருகிறது. முழு ஊனமாகிப் படுத்துவிட்டால் பாதிக்குப் பதில் நூற்றுக்கு அறுபது, 16,57,530 ரூபாய். பிழைத்துக் கிடப்பவனுக்குச் சோறும் மருந்தும் வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. இந்தப் பதினாறரை லட்சத்தின் எதிரில் அந்தப் பத்தாயிரத்தை வைத்துப் பாருங்கள்.

அந்தக் கைநாட்டுக் காகிதம் என்னாகும்? உரிமையை விட்டுவிட்டதாக எழுதி வாங்கும் காகிதம் நஷ்டஈட்டை ஒழிக்க முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டத்தில் இருப்பதெல்லாம் கைக்கு வந்துவிடாது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததும், “இவர் தொழிலாளி அல்ல, சுயமாகத் தொழில் செய்யும் காண்ட்ராக்டர்” என்றுதான் ஆரம்பிப்பார். முந்திரித் தோப்புக்காரர், மரவாடிக்காரர் ஆகியோர் தம் தொழிலுக்காக வேலையைக் காண்ட்ராக்டில் விட்டிருந்தால், அந்த முதல் எஜமானர் தப்ப முடியாது என்று சட்டத்தில் தனி விதியே இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்காரர் விஷயத்தில் வாதாடித்தான் ஜெயிக்க வேண்டும். யார் வேலையை ஏவினார், யார் நேரம் குறித்தார், யாருடைய கயிறு, எந்தக் கிளையை முதலில் வெட்டச் சொன்னது யார்? இவைதான் கேள்விகள். சாட்சி சொல்ல ஆள் வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த 1923-ஆம் வருஷச் சட்டம் இப்போது தனியாக இல்லை. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அதை மடித்து வைத்துவிட்டார்கள். நஷ்டஈட்டு அத்தியாயம் அதிலும் இருக்கிறது. இந்தத் தொகுப்புச் சட்டங்களைப் பற்றி நமக்குள்ள சண்டை வேறு. அதை வேறொரு நாள் பேசலாம்.

“வருஷம் 20 ரூபாய் கட்டினால் பாங்கியில் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளட்டுமே” என்று சில கனவான்கள் புத்தி சொல்கிறார்கள். போட்டுக்கொள்ளட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதில் கிடைப்பது 2 லட்சம். மீதிப் பதினாலரை லட்சத்தை யார் சாப்பிடுவது? மரம் யாருடையது, நிழல் யாருடையது, விறகு யாருடையது? காப்பீடு மட்டும் மரமேறியுடையதா?

இனி அந்த மூவாயிரத்து ஐந்நூறுக்கு வருவோம். ஆபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. மொத்தமாகப் பேசியவன் அவசரப்பட்டே ஆக வேண்டும். இரண்டு நாள் வேலையை ஒரு நாளில் முடித்தால்தான் கூலி நிற்கும். மூன்று பேர் செய்யும் வேலையை இரண்டு பேர் செய்தால்தான் மிச்சம். ஒரு பெருங்கிளையை இறக்குவதற்கு முறை இருக்கிறது. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி முதலில் கீழ்ப்புறம் ஒரு வெட்டு. பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி மேலிருந்து வெட்டினால் கிளை பிளக்காமல் விழும். கடைசியில் மிச்சமிருக்கும் கட்டையை, கிளை புறப்படுகிற இடத்தில் உள்ள தடித்த வளையத்தைக் கெடுக்காமல் அறுக்க வேண்டும். ஒரு கிளைக்கு மூன்று வெட்டு. கயிறு கட்ட நேரம் தனி. அந்தக் கொள்ளிடக் கரைக்காரருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். “கீழ்வெட்டு போடலீங்க அண்ணே, இருட்டுறதுக்குள்ள முடிக்கணும்னு பாத்தேன்” என்றார்.

தெரிந்தவன் கையையும் மொத்தக்கூலி தவறு செய்ய வைக்கிறது. ஸ்வீடனில் பெரிய காடுகளில் மரம் அறுக்கும் தொழிலாளர்கள் இதை நம்மைவிட முன்னால் கண்டுகொண்டார்கள். மரக் கணக்குக்குக் கூலி வாங்கியவர்கள் 1975-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். இத்தனை மரத்துக்கு இத்தனை என்ற கணக்கே வேண்டாம், மாதச் சம்பளம் வேண்டும் என்பது கோரிக்கை. தலைமைச் சங்கம் உத்தரவு கொடுப்பதற்குக் காத்திராமலே இறங்கினார்கள். மாதச் சம்பள முறை வந்தது. வந்த பிறகு காட்டு விபத்துகள் குறைந்தன. அதே மிஷின் ரம்பம், அதே மரம், அதே ஆட்கள். மாறியது கூலி கொடுக்கும் முறை ஒன்றுதான்.

மரமேறியைத் தொழில் தெரிந்தவனாக மதிக்கும் பழக்கமே நம்மிடம் இல்லை. எலெக்ட்ரீஷியன் வந்தால் நாற்காலி போடுகிறோம். ஐம்பது வயது மரமேறியை அந்த வீட்டுப் பையன் “ஏறுடா” என்கிறான். இதிலே சாதி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அவனுடைய யோசனையையும் யாரும் கேட்பதில்லை. “உச்சியை மொட்டையடித்துவிடு, அடுத்த வருஷச் செலவு மிச்சம்” என்று வீட்டுக்காரர் உத்தரவு போடுகிறார். மொட்டையடித்த மரம் வெட்டுவாயில் கொத்துக் கொத்தாகத் தளிர்க்கும். அந்தக் கொப்புகளுக்குப் பிடிப்புக் கிடையாது. வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி உள்ளே சொத்தையாகும். அடுத்த கார்த்திகைக் காற்றில் முறிவது அந்தக் கொப்புகள்தான். அப்போது மறுபடியும் அதே ஆளை, கொட்டும் மழையில், வழுக்கும் மரத்தில் ஏறச் சொல்வார்கள்.

காற்று என்றதும் நம் ஜில்லாவில் ‘தானே’ ஞாபகம் வராதவர் யார்? 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அது கடலூரை ஒட்டிக் கரையேறியது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் காற்று. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரியும் பலாவும் தலைமுறை தலைமுறையாக நின்றவை. பொழுது விடிந்தபோது வேரோடு கிடந்தன. அந்தத் தோப்புகளைச் சுத்தம் செய்தது யார்? விவசாயத் தொழிலாளிதான். நிற்கும் மரத்தைவிட விழுந்த மரம் பொல்லாதது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் மரங்களில் எந்தக் கிளை வில்லாக வளைந்து முறுக்கோடு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, அறுத்தவுடன் தெறிக்கும். வேர் பாதி மண்ணில் இருக்க அடிமரத்தை அறுத்தால், கட்டை சட்டென்று நிமிர்ந்து குழிக்குத் திரும்பும். அந்தக் குழியில் ஆள் நின்றால்? தலைக்கவசம் கொடுத்தார்களா? மிஷின் ரம்பத்தின் அதிர்ச்சி வருஷக்கணக்கில் விரலில் ஏறினால் ரத்தம் ஓடாமல் விரல் வெளுத்து மரத்துப்போகும். ஜப்பானில் 1960-களிலேயே காட்டுத் தொழிலாளர்கள் போராடி இதைத் தொழில் நோயாக ஏற்கவைத்தார்கள். இங்கே, “கை கொஞ்சம் மரத்துப் போச்சு, சுடுதண்ணி ஊத்திக்கிறேன்” என்கிறான் நம் தோழன்.

எல்லாத் தோப்பும் ஒரே நாளில் விழுந்ததால் மரம் அடிமாட்டு விலைக்குப் போனது. வாங்கினவர்கள் லாரியோடு வந்த வியாபாரிகள். தோப்புக்கான நிவாரணம் பட்டாவைப் பார்த்து எழுதப்பட்டது. பட்டா இல்லாத கூலிக்காரனுக்கு அந்தப் புத்தகத்தில் பக்கமே இல்லை. பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கி ஜீவனம் செய்த பெண்களுக்கு அந்த வருஷமும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. ஒட்டுச் செடி நட்டாலும் காய் பார்க்க மூன்றாவது வருஷம் ஆகும். அதுவரை? 2018 நவம்பர் 16 அன்று ‘கஜா’ வந்து டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தபோதும் இதே கதைதான்.

சர்க்கார் எப்படி நடந்துகொள்கிறது? புயல் எச்சரிக்கை வந்ததும் மரம் அறுக்கும் ஆட்களின் பட்டியல் தயார் என்று அறிக்கை வருகிறது. ரம்பம் எத்தனை, ஜே.சி.பி. எத்தனை என்று எண்ணிக்கை சொல்லும் அறிக்கையில், அந்த ஆட்கள் விழுந்தால் என்ன என்று ஒரு வரி உண்டா? சாலையை அகலப்படுத்தும்போதும் அப்படியே. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையோரப் புளிகள் நம் தாத்தா காலத்து நிழல். சர்க்கார் நிலத்து மரத்தைக் கண்டபடி வெட்டக்கூடாதென்று 2021-ல் ஜில்லாதோறும் கலெக்டர் தலைமையில் பசுமைக் குழு வைத்தார்கள். நல்ல காரியம். மரத்துக்கு ஒரு குழு இருக்கிறது. மரத்தை வெட்டுகிறவனுக்கு?

மின்கம்பி விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை, மரமேறித் தோழர்கள் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பியைத் தொடும் மரத்தில், “கரெண்ட் நிறுத்தச் சொல்லியாச்சு” என்ற வாய்வார்த்தையை நம்பி ஏறாதீர்கள். லைனை நிறுத்தி, எர்த் போட்டு, வாரியத்து ஆள் மரத்தடியில் நிற்க வேண்டும். பச்சைக் கிளையிலும் ஈரக் கயிற்றிலும் மின்சாரம் பாயும். அவர் வரும்வரை கீழே உட்கார்ந்து பீடி பிடியுங்கள். வீட்டுக்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

ஆலைத் தோழர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் கசக்கும். உங்கள் வீட்டு மரத்தை விலை பேசாதீர்கள், நாளைப் பேசுங்கள். இத்தனை ஆள், இத்தனை நாள், நாளுக்கு இன்ன கூலி. இரண்டு நாள் ஆனால் ஆகட்டும். கீழே கயிறு பிடிக்க இரண்டு பேர் இல்லாமல் மேலே ஒருவரை ஏற்றாதீர்கள். இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் வாங்கும் செலவு ஒரு வீட்டுக்குப் பெரிதாகத் தெரிந்தால், சங்க ஆபீசில் ஒரு ஜோடி வாங்கி மாட்டி வைக்கலாம், வேண்டியவர் எடுத்துப்போகட்டும். கோடைக் கடைசியில், காற்றும் மழையும் இல்லாத நாளில் கூப்பிடுங்கள். எந்தக் கிளை இருக்கலாம், எது போக வேண்டும் என்று அவரையே கேளுங்கள். பெயரும் தேதியும் கூலியும் ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். “எழுதினால் நாளைக்கு நம்மேல் வழக்கு வருமே” என்று தோன்றுகிறதா? ஆலை முதலாளி மஸ்டர் ரோலில் பெயர் எழுத மறுத்ததும் அதே காரணத்துக்காகத்தான்.

விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நடவுக் கூலிக்கு ஊர்கூடிப் பேசுகிறோம். மரக் கூலியை மட்டும் ஒவ்வொருவனும் தனித்தனியே மரத்தடியில் நின்று பேசுகிறான். ஒருவன் ஐயாயிரம் சொன்னால் அடுத்தவன் மூவாயிரத்துக்கு ஏறுகிறான். ஊரில் மரமேறத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்து நாள்கூலியைத் தீர்மானிக்க என்ன தடை? உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் எத்தனை பேர் என்று இந்த மாதமே கணக்கெடுங்கள்.

கொள்ளிடக் கரைக்காரருடைய மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷனில் அன்று எழுதிய குறிப்பும் இருக்கிறது. யார் வேலை ஏவினார் என்பதற்குச் சாட்சி அந்த மச்சினன். அவன் உறவுக்காரன், நம்பாதீர்கள் என்பார்கள். இன்னொரு சாட்சி இருக்கிறார்; அவர்தான் வீட்டுக்காரர்.

போன வாரம் அவர் ஆபீசுக்கு வந்தார். விரலில்லாத கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “நடந்ததை நான் எழுதிக் கொடுத்தால் வழக்கு என்மேல்தானே வரும் தோழர்?” என்று கேட்டார்.

“வரும்” என்றேன். “தவணை போட்டுக் கட்டும்படி கேட்கலாம். வீட்டின் பேரில் கடன் வாங்க வேண்டி வந்தாலும் வரும். பாதி வாதத்தை நானே உங்களுக்கு எதிராக எழுத வேண்டியிருக்கும்.”

டீ வந்தது. குடிக்கவில்லை. என் விரலுக்காக நீங்கள் எழுதின மனுவின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். இன்னும் எழுதித் தரவில்லை. மனுப் போட இரண்டு வருஷக் கெடு, 2027 ஆனியில் முடிகிறது. சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.